மாடு வளர்த்தவர் குதிரை வாங்கலாமா?

கேள்வி இதுதான்: "சின்ன வயதிலிருந்தே குதிரை என்றால் உயிர். இப்போது 40 வயதாகிறது. ஈரோடு பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம், நான்கு மாடுகள், கிணற்றில் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. ஒரு குதிரை வாங்கி வளர்க்க முடியுமா? வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்."

தாராளமாக முடியும். 40 வயது வரை அடங்காத ஆசை இனிமேலும் அடங்காது, எனக்கும் அடங்கவில்லை. தாத்தா காலத்துக் குதிரை வண்டியில் ஆரம்பித்தது எங்கள் வீட்டில். வண்டி போய்விட்டது, குதிரை மட்டும் போகவில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை யோசிக்க வைத்தது அந்த நான்கு மாடுகள். நம் பக்கத்தில் குதிரைகள் கெடுவது பெரும்பாலும் அக்கறை இல்லாதவர்கள் கையில் அல்ல. மாட்டை நன்றாக வளர்த்துப் பழகியவர்கள், அதே அக்கறையோடு, மாட்டுக்குச் செய்வதையெல்லாம் குதிரைக்கும் செய்கிறார்கள். அதனால் பொதுவான பராமரிப்புக் குறிப்புகளை விட்டுவிட்டு, குதிரை எங்கெல்லாம் மாட்டிலிருந்து மாறுபடுகிறது என்பதையே எழுதுகிறேன். உங்களுக்கு அதுதான் உதவும்.

வயிறுதான் முதல் விஷயம். மாட்டுக்கு வயிற்றில் நான்கு அறை. அவசரமாக மேய்ந்துவிட்டு நிழலில் படுத்து அசைபோட்டுக்கொள்ளும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் அந்த உடம்புக்கு மிகச் சின்னது: 8 முதல் 15 லிட்டர் கொள்ளளவுதான். நாரைச் செரிக்கும் வேலை பின்னால் பெருங்குடலில் நடக்கிறது. வயிற்றில் அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். அதனால்தான் அவிழ்த்துவிட்ட குதிரை ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கிறது. காலையில் ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு என்று போட்டால் நடுவில் வெறும் வயிற்றை அமிலம் அரிக்கும். ராத்திரிக்குத் தீனி இல்லாமல் கட்டிப்போடக் கூடாது. நான் படுக்கப் போகும் முன் கடைசியாகப் பார்ப்பது தீவனத் தொட்டியைத்தான்.

அளவு சுலபம். உடல் எடையில் சுமார் 2 சதவீதம், காய்ந்த கணக்கில். 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 கிலோ காய்ந்த புல். பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், அதுவே பச்சையாக என்றால் 25, 30 கிலோ ஆகிவிடும்.

எந்தப் புல் என்பதில்தான் மாட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் கோ-4 அல்லது வேறு ஏதாவது நேப்பியர் ஒட்டுப்புல் நிச்சயம் இருக்கும். மாட்டுக்கு அது அருமையான தீவனம். ஆனால் அதில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் தீவனத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் முகத்து எலும்பு இரண்டு பக்கமும் வீங்கும், காரணம் தெரியாமல் கால் மாறி மாறி நொண்டும். நன்றாகத்தானே தீனி போடுகிறோம் என்று வீட்டில் எல்லோரும் குழம்பிப்போவார்கள். தவிடு நிறையப் போட்டாலும் இதேதான். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. நீலகிரி மலையில் படர்ந்திருக்கும் கிக்கூயு புல்லுக்கும் இதே குணம் உண்டு.

ஆகவே நேப்பியரை மட்டும் நம்பாதீர்கள். அருகம்புல், வரப்புப் புல், நன்றாகக் காய்ந்த புல் இவை அடிப்படையாக இருக்கட்டும். கூடவே குதிரை மசால் கொஞ்சம் போட்டுவிடுங்கள். அரை ஏக்கரில் கால்வாசி ஒதுக்கினால் கூடப் போதும், புரதமும் கால்சியமும் அதிலேயே கிடைத்துவிடும். ஆனால் அதையே முழுத் தீவனமாக்காதீர்கள், பக்கத் துணைதான். இளஞ்சோளப் பயிர் பக்கம் மட்டும் அவிழ்த்துவிட வேண்டாம். அதன் நஞ்சு மாட்டுக்கு ஆபத்து என்பது உங்களுக்கே தெரியும், குதிரைக்கும் அது ஆகாது.

கொள்ளு பற்றி எல்லோரும் கேட்பார்கள். நல்ல தீனிதான், புரதம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. ராத்திரி ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். 300 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ, வேலையைப் பொறுத்து. சும்மா நிற்கும் குதிரைக்குக் கொள்ளே தேவையில்லை. தானியம் எதுவானாலும் ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிறுகுடலில் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, அதன் விளைவு குளம்பில் வந்து நிற்கும். குளம்பு ஓட்டையும் உள்ளே உள்ள எலும்பையும் இணைக்கும் திசு வீங்கி, பிடி விட்டுப்போகும். லாமினைட்டிஸ் என்பார்கள். முன்கால்களை நீட்டி வைத்து, பின்கால்களில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்கிற குதிரையை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். கோயில் விசேஷத்துக்குக் குதிரையை அனுப்பினால் ஆளாளுக்குப் பொங்கல், பழம், வெல்லம் என்று ஊட்டுவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள், ஆனாலும் கண்டிப்பாக மறுக்க வேண்டும்.

பண்ணையில் கோழி இருந்தால் கோழித் தீவன மூட்டையை வேறு அறையில் பூட்டி வையுங்கள். கோழிகளின் ரத்தக்கழிச்சலுக்காக அதில் சேர்க்கும் சில மருந்துகள் குதிரையின் இதயத்தையே தாக்கும், கொஞ்சம் தின்றாலும் உயிர் போகும். வேலி ஓரம் அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள்.

அடுத்து கோலிக் எனும் வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். நடுவில் எங்காவது அடைத்தாலோ முறுக்கிக்கொண்டாலோ நேரம் மிகக் குறைவு. தரையைக் காலால் கீறுவது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் படுத்து எழுவது, உருளுவது, லத்தி போடாமல் இருப்பது, சும்மா நிற்கும்போதே வியர்ப்பது: இதில் இரண்டைச் சேர்ந்து பார்த்தால் போனை எடுங்கள். மருத்துவர் வரும்வரை தீனியை அப்புறப்படுத்திவிட்டு நாடி பாருங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல்களை வைத்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால் சணல் கயிறு பருமனில் ஒன்று விரலடியில் உருளும். அதை எலும்போடு சேர்த்து லேசாக அழுத்தி 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் அதைத்தான் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். உடல் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி சாதாரணம். குதிரை நன்றாக இருக்கும் நாட்களிலேயே இதையெல்லாம் எடுத்துப் பழகி, உங்கள் குதிரையின் வழக்கமான எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஒன்றே ஒன்றைச் செய்யாதீர்கள். மாட்டுக்குத் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் எண்ணெயும் கசாயமும் புகட்டுவோமே, அது குதிரைக்கு வேண்டவே வேண்டாம். நுரையீரலுக்குள் போய், வயிற்றுவலியில் பிழைத்த குதிரை நிமோனியாவில் சாகும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தித்தான் மருந்து விடுவார். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். குதிரை வருவதற்கு முன்பே அங்கே ஒருமுறை போய், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது, ஏற்றிப்போக எந்த வண்டி வரும் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குளம்பு. என்னைக் கேட்டால் குதிரை வளர்ப்பில் பாதி இதில்தான் இருக்கிறது.

மாட்டுக் குளம்பு பிளவுபட்டது. லாடமும் இரண்டு துண்டு, மாட்டைக் கட்டிச் சாய்த்துப் போட்டு அடிப்பார்கள். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, நிற்கவைத்தே அடிக்க வேண்டும், ஆணி உணர்ச்சியில்லாத வெளி ஓட்டில் மட்டும் போக வேண்டும். நூல் பிசகினாலும் நொண்டும். அதனால் சந்தையில் மாட்டுக்கு லாடம் கட்டுபவரை அழைத்து வந்து குதிரையைக் காட்டாதீர்கள். இது வேறு கைவேலை. லாடம் இல்லாத குதிரைக்கும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி மட்டம் பார்க்க வேண்டும். மேலே முடி முடியும் இடத்தில் முளைக்கும் ஓடு கீழே நுனிவரை வந்து சேர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஆகவே இன்றைக்குச் செய்த அசட்டை அடுத்த ஆடி வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். செம்மண் தோட்டத்தில் மட்டும் நடக்கிற குதிரைக்கு லாடம் அவசியமில்லை. தார்ச்சாலை என்றால் வேண்டும்.

தினசரி வேலை உங்களுடையது. குதிரையின் இடது தோளை ஒட்டி, அதன் வால் பக்கம் பார்த்து நில்லுங்கள். தோளிலிருந்து கையை எடுக்காமல் காலின் பின்பக்கமாகக் கீழே இறக்கி, மூட்டுக்குக் கீழே நரம்பை லேசாகக் கிள்ளினால் பழகிய குதிரை தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். குளம்பு கொக்கியால் குதிகாலிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டுங்கள், எதிர்ப்பக்கம் வேண்டாம். நடுவில் ஆப்பு வடிவத்தில் ரப்பர் போல மெத்தென்ற பகுதி இருக்கும். அதன் இரு பள்ளங்களில்தான் லத்தியும் ஈரமும் சேரும். கருப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் வந்தால் லாயத் தரை ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். மருந்தை விடத் தரையை முதலில் மாற்றுங்கள். சுரண்டி முடித்ததும் உள்ளங்கையைக் குளம்பு ஓட்டின் மேல் வைத்துப் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், நொண்டுவதற்கு முந்தைய நாளே உங்களுக்குத் தெரிந்துவிடும். நாலு காலுக்கும் சேர்த்துப் பத்து நிமிட வேலை. ஒரு குதிரையோடு நெருக்கம் வருவது சவாரியில் அல்ல, இந்தப் பத்து நிமிடத்தில்தான் என்பது என் நம்பிக்கை.

நம் மண்ணில் இது புதிய பிரச்சினையும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபியக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதையும், அவற்றில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். அவர் சொல்லும் காரணம்: இங்கே லாடம் கட்டிப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, வியாபாரிகளும் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடுவதில்லை. வந்துவிட்டால் வருடா வருடம் விற்பனை ஏது? சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கஜானாவில் அவ்வளவு பொன் இருந்தும், தீனியும் குளம்பும் தெரிந்த ஆள் இல்லாததால் அத்தனை உயிர்கள் போயின. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

குதிரையின் மனசுக்கு வருவோம். மாடு முட்ட வரும், அல்லது பொறுத்துக்கொள்ளும். குதிரை முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே தோள் பக்கமாக நெருங்குங்கள். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, குதிரைக்கு உண்டு. தீனியை விரல்களில் பிடித்துக் கொடுக்காமல் உள்ளங்கையை விரித்துக் கொடுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். தனியாகக் கட்டினால் குதிரை ஏங்கிப்போகும். கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கும், நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடும். இன்னொரு குதிரை வாங்க முடியாவிட்டால் ஒரு கழுதையோ ஆடோ துணைக்கு விடுங்கள். உங்கள் மாடுகள் கண்ணெதிரே இருப்பதும் ஓரளவு ஆறுதல்தான்.

ஆனால் மாடுகளோடு சேர்த்து வளர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சர்ரா என்று ஒரு நோய், ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணியால் வருவது. மழைக்குப் பின் பெருகும் கடிக்கிற பெரிய ஈக்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுபோகும். மாடும் எருமையும் வெளியே எதுவும் காட்டாமலே இந்த ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டிருக்கும். குதிரைக்கோ காய்ச்சல் விட்டு விட்டு வரும், அடிவயிறும் கால்களும் வீங்கும், நன்றாகத் தின்றாலும் இளைக்கும். கவனிக்காவிட்டால் இறந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. லாயத்தையும் கட்டுத்தறியையும் தள்ளி வைத்து, சாணக்குழியைத் தூரமாக்குங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியை ஒரு வருடம் கூடத் தவறவிடாதீர்கள். சாணமும் ஆணியும் உள்ள இடத்தில் அந்த நோய்க்கு முதல் பலி குதிரைதான். குடற்புழு மருந்தை லத்தியைப் பரிசோதித்துவிட்டுக் கொடுங்கள். பல்லை வருடம் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, ஓரம் கூராகியிருந்தால் ராவச் சொல்லுங்கள்.

தண்ணீர் நாளைக்கு 25 லிட்டர், சித்திரை வெயிலில் அதற்கு இரட்டிப்பு கூட ஆகும். குதிரையின் வியர்வையில் உப்பு மிக அதிகம், ஆகவே நக்குவதற்கு உப்புக்கட்டி எப்போதும் தொங்கட்டும். வேலை முடிந்து சூடாக வரும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். குடிக்கவிடுங்கள், மேலேயும் ஊற்றி வழித்துவிடுங்கள், கெடுதல் இல்லை. நம் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு, முக்கியமாகப் பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட் குதிரைகளுக்கு, வியர்ப்பதே நின்றுபோகும். சவாரிக்குப் பிறகும் தோல் காய்ந்திருந்து மூச்சு மட்டும் வாங்கினால் அதுதான். முதல் குதிரையாக அவற்றை வாங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதை வாங்குவது? எட்டு வயதுக்கு மேல், வண்டியோ சவாரியோ பழகிய, அமைதியான பெட்டை. குட்டியாக வாங்கிப் பழக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அது இரண்டாவது குதிரைக்கு இருக்கட்டும். நம் பக்கம் காயடிக்கும் வழக்கம் குறைவு, பகட்டாக நிற்கும் ஆண் குதிரைக்குத்தான் மவுசு. முதல்முறை வளர்ப்பவருக்கு அது சரிவராது. மாட்டுக்குப் பல் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு இது கஷ்டமில்லை: பால்பற்கள் விழுந்து முன்பற்கள் ஜோடி ஜோடியாக இரண்டரை, மூன்றரை, நான்கரை வயதில் முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். சுமார் பத்து வயதில் மேல்வரிசை முன்பற்களில் ஓரத்துப் பல்லின் ஈறோரம் ஒரு பள்ளக் கோடு தோன்றி, 15-இல் பாதிப் பல்லுக்கும் 20-இல் நுனிக்கும் இறங்கும்.

சந்தையில் சுழி பார்ப்பார்கள், நான்கு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்சகல்யாணி என்பார்கள், காது நுனி ஒன்றோடொன்று தொடுகிற மார்வாரி, கத்தியவாரி இனங்களுக்கு விலை ஏற்றுவார்கள். காது அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் பணம் கொடுப்பது நான்கு குளம்புக்கு. கெட்டியான தரையில், தளர்ந்த கயிற்றில் நேராக நடக்கவிட்டு, பிறகு ஓட்டிப் பாருங்கள். முன்கால் நொண்டினால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே போகும். வாயைத் திறந்து நாக்கிலும் கடைவாயிலும் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். முள் வைத்த கடிவாளம் 1965ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது, இன்னும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வாய் பிறகு எதையும் நம்பாது. கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை முடியாமல் வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது, உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதுதான் சட்டம். ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தில் அந்தப் பரிசோதனை நடக்கிறது, உங்கள் கால்நடை மருத்துவர் மூலம் மாதிரி அனுப்பலாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும் விலை நிறத்துக்கும் சுழிக்கும் தகுந்தபடி பல மடங்கு மாறும், அதை விடுங்கள். வருடக் கணக்கைப் போடுங்கள்: உங்கள் தோட்டத்தில் விளையாத புல்லின் விலை, ஏழெட்டு முறை லாடக்காரர் கூலி, தடுப்பூசி, பல், அப்புறம் ஒரு கோலிக் வந்தால் தாங்குகிற அளவுக்குக் கையில் தனியாக ஒரு தொகை. இவற்றையெல்லாம் விடப் பெரிய செலவு ஆள். நீங்கள் ஊருக்குப் போகும் நாளில் யார் பார்ப்பார்கள்? மாட்டை அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்துக்கொள்வார்கள். குதிரைக்கு ஏற்கெனவே பழகிய கை வேண்டும். குதிரை 25, 30 வருடம் வாழும். எட்டு வயதில் வாங்கினால் உங்கள் அறுபது வயது வரை அது உங்களோடு இருக்கும், கடைசிச் சில வருடங்கள் சவாரிக்கு ஆகாமல், பல் தேய்ந்து, ஊறவைத்த தீனியைத் தின்றுகொண்டு. ஊட்டித் தெருக்களில் குப்பையைக் கிளறிக்கொண்டு திரியும் மட்டக்குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடைசிக் காலத்துக்குக் கணக்குப் போடாதவர்கள் விட்டுவிட்டுப் போனவைதான் அவற்றில் பல.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அந்தியூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆடியில் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். இந்த வருடம் பணம் எடுத்துக்கொள்ளாமல் போங்கள். காலையில், கூட்டம் சேரும் முன், குதிரைக்காரர்கள் தேய்த்துக் குளிப்பாட்டித் தீனி போடும் நேரத்தில் நின்று பாருங்கள். லாடம் கட்டுபவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், உங்கள் தோட்டத்துக்கு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவார்களா என்று பேசிப் பாருங்கள். ஒருவர் சம்மதித்துவிட்டால் அவரிடமே எந்த ஊரில் நல்ல பெட்டை விலைக்கு இருக்கிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு வீட்டுக் குதிரையின் காலும் அவர் கைக்குத் தெரியும்.